சுருள் ஒயரின் சிக்கு யாருடையது?

1

தொலைபேசியின் வரலாறு என்று நம்மிடையே எழுதப்பட்டவை பெரும்பாலும் எக்சேஞ்சுகளின் வரலாறாகவும் அமைச்சர்களின் வரலாறாகவுமே இருக்கின்றன. 1882 ஜனவரி 28இல் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் எக்சேஞ்ச் திறக்கப்பட்டது. 1948இல் பெங்களூரில் ஐ.டி.ஐ. தொடங்கப்பட்டது. 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே ஆபரேட்டர் தயவில்லாமல் நேரே பேசும் எஸ்.டி.டி. வந்தது. 1984இல் சி-டாட், 1995இல் கைபேசி. இந்த வரிசையில் ரிசீவரையும் பெட்டியையும் இணைத்துக்கொண்டு கிடந்த சுருள் ஒயருக்கு இடமில்லை. அது முறுக்கிக்கொண்டு, தன்மேல் தானே ஏறிக்கொண்டு, ரிசீவரைத் தூக்கினால் பெட்டியே கூட வருகிற அளவுக்குச் சிக்காகிக் கிடந்ததைப் பார்க்காத ஆள் நாற்பது வயதுக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. பார்த்திருக்கிறோம், யோசித்ததில்லை.

யோசிக்காததற்குக் காரணம், அதற்கான விளக்கம் ஏற்கெனவே தயாராக இருந்ததுதான். "பொம்பளைங்க மணிக்கணக்கா பேசிக்கிட்டே விரல்ல சுத்திச் சுத்தி ஒயர வீணாக்கிட்டாங்க." எல்லா வீட்டிலும் எல்லா ஆபீசிலும் சொல்லப்பட்ட வாக்கியம் இது. சினிமாவும் இதையே காட்டியது. காதலி பேசுகிறாள் என்றால் விரலில் ஒயர் சுற்றியாக வேண்டும். பேச்சு என்பது பெண்ணின் வீண்செலவு, சிக்கு என்பது அந்தச் செலவின் ரசீது என்பதாக ஒரு கதையாடல் நம்மிடம் கேள்வி இல்லாமல் நிலைபெற்றுவிட்டது.

இந்தக் கட்டுரையில் அந்தச் சிக்கை ஒரு சாட்சியமாக வாசித்துப் பார்க்கிறேன். கல்வெட்டை வாசிப்பதுபோல என்று பெரிதாகச் சொல்ல வேண்டாம். கடைக் கணக்கு நோட்டை வாசிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். நான் பேசும் ஊர் கீரனூர். புதுக்கோட்டைக் கீரனூர் இல்லை. பழனிக்கு வடக்கே, தாராபுரத் திசையில் இருக்கிற கீரனூர். 1985 செப்டம்பர் வரை மதுரை மாவட்டம், அப்புறம் திண்டுக்கல் மாவட்டம். இலக்கிய வாசகர்களுக்குக் கீரனூர் ஜாகிர்ராஜாவின் பெயரோடு சேர்ந்து பழக்கமான ஊர்.

2

முதலில் ஒயரைப் பார்ப்போம். ரிசீவருக்குள் போவது நான்கு கம்பிகள். பேசும் பக்கத்துக்கு இரண்டு, கேட்கும் பக்கத்துக்கு இரண்டு. சாதாரணச் செம்புக் கம்பியை இப்படித் தினமும் மடக்கி நீட்டினால் சீக்கிரம் ஒடிந்துபோகும். ஆகவே நூல் இழையின்மேல் மெல்லிய செம்புத் தகட்டு நாடாவைச் சுற்றி இந்தக் கம்பியைச் செய்தார்கள். நம்மூர் ஜரிகை எப்படியோ அப்படி. உள்ளே நூல், மேலே உலோகம். தொலைபேசிக்குள் ஒரு நெசவுப் பொருள் இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பழைய கறுப்புத் தொலைபேசிகள் பலவற்றில் இந்த ஒயர் துணி பின்னிய நேர் ஒயராகத்தான் இருந்தது. நீளம் கூடினால் மேசையில் புரளும், குறைந்தால் எட்டாது. இந்த முரணுக்கு விடையாக 1930களுக்குப் பிறகு அமெரிக்காவில் சுருள் ஒயர் பரவியது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அந்த வசதியோடு புதிய ஒரு தொல்லையும் வந்து சேர்ந்தது. நேர் ஒயரில் முறுக்கு ஏறினால் லேசாகத் தெரியும். சுருள் ஒயரில் ஏறினால், சுருளே இரண்டாக மடிந்து தன்னைத் தானே கயிறாகத் திரித்துக்கொள்ளும்.

ஏன் திரிகிறது? அதன் இரண்டு முனைகளும் கட்டப்பட்டிருப்பதால். ஒரு முனை பெட்டியில், மறு முனை ரிசீவரில். நுனி சும்மா கிடக்கிற கயிற்றில் முறுக்கு ஏற்றினால் அது நுனி வழியாக அவிழ்ந்து வெளியேறிவிடும். இரண்டு முனையும் கட்டிய கயிற்றில் ஏறிய முறுக்குக்குப் போக்கிடம் கிடையாது. அது வடிவத்தை மாற்றிக்கொள்ளும், இடத்தை மாற்றிக்கொள்ளும், ஆனால் தீராது. இதற்குக் கணிதம் உண்டு. 1961இல் ருமேனியரான காலுகரியானுவும் 1969இல் ஒயிட்டும் 1971இல் ஃபுல்லரும் தந்த கணக்கின் சாரம் இது. முறுக்கும், முறுக்கு தாங்காமல் உடல் வளைந்து சுருண்டுகொள்வதும், இரண்டையும் கூட்டினால் வருகிற தொகை மாறாது. ஒன்று குறைந்தால் மற்றது கூடும். நம் உயிரணுக்களுக்குள் இருக்கிற டி.என்.ஏ. இழை சுருண்டு அடங்குவதை விளக்கவும் இதே கணக்குத்தான். அதைச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர்கள் உதாரணமாகத் தூக்கிக் காட்டியதும் சிக்கான தொலைபேசி ஒயரைத்தான்.

கணிதம் வேண்டாம் என்பவர்கள் எங்கள் பக்கத்துப் பந்தல் தோட்டத்துக்கு வரலாம். பாகல், பீர்க்கு கொடிகளில் பற்றுச்சுருள் கம்பியைப் பிடித்த பிறகு பாருங்கள். பாதி தூரம் வலப்பக்கமாகச் சுருண்டிருக்கும். நடுவில் ஒரு சின்ன நேர்க்கோடு. மீதிப் பாதி இடப்பக்கமாகச் சுருண்டிருக்கும். டார்வின் 1865இல் ஏறுகொடிகள் பற்றி எழுதியபோது இதே பூசணிக் குடும்பத்துக் கொடி ஒன்றில் இதைக் கவனித்து விளக்கினார். இரண்டு பக்கமும் பிடிபட்ட ஓர் இழை ஒரே திசையில் சுருண்டால் முறுக்கி அறுந்துபோகும். ஆகவே ஒரு திசைக்குச் சமமாக எதிர்த்திசையிலும் சுருள்கிறது. ரிசீவர் ஒயரிலும் நடுவில் ஒரே ஒரு சுருள் மட்டும் தப்பான திசையில் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதுதான்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பேசுகிற பெண் விரலில் ஒயரைச் சுற்றுகிறாள். முனைகள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. விரலுக்கு ஒரு பக்கம் ஏறுகிற முறுக்குக்குச் சமமாக மறுபக்கம் எதிர் முறுக்கு ஏறுகிறது. விரலை உருவினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பாகல் கொடியின் அதே நியாயம். முனை சுழன்றாலோ, ரிசீவரே ஒயரைச் சுற்றிக்கொண்டு வந்தாலோ ஒழிய மொத்தக் கணக்கு மாறாது. விரலில் சுற்றியவள் ஒரு சுற்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. கணிதம் அவளை விடுதலை செய்துவிடுகிறது.

அப்படியானால் ரிசீவரைச் சுழற்றியது யார்?

3

வலது கையால் ரிசீவரை எடுக்கிறோம். பேச்சின் நடுவே எதையோ எழுத வேண்டியிருக்கிறது. வலது கைக்குப் பேனா, ரிசீவர் இடது கைக்கும் இடது காதுக்கும் போகிறது. போகும்போது அரைச் சுற்றுச் சுழல்கிறது. பேசி முடித்து வந்த வழியே திருப்பி வைத்தால் கணக்கு நேராகிவிடும். யாரும் அப்படி வைப்பதில்லை. கைக்கு எது சுலபமோ அந்தப் பக்கமாகத் திருப்பி வைக்கிறோம். அரைச் சுற்று மிச்சம் விழுகிறது, சில நேரம் ஒரு முழுச் சுற்று. மனிதக் கை பழக்கத்துக்கு அடிமை. நேற்றுத் திருப்பிய பக்கமே இன்றும் திருப்பும். ஆகவே மிச்சங்கள் கழிவதில்லை, கூடிக்கொண்டே போகின்றன.

இதிலிருந்து வருகிற முடிவு எளிமையானது. அதிக நேரம் பேசுகிறவரால் சிக்கு ஏறுவதில்லை, அதிகத் தடவை எடுத்து வைக்கிறவரால் ஏறுகிறது. அதிலும் குறிப்பாக, பேசிக்கொண்டே எழுதுகிறவரால். ஒரு மணி நேரம் அம்மாவோடு பேசிய மகள் ஒயரில் வைத்துவிட்டுப் போவது அதிகம் போனால் ஒரு சுற்று. அதே ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை ரிசீவரை எடுத்து விலை கேட்டு, விலை சொல்லி, சிட்டையில் குறித்துக்கொண்ட மண்டிக்காரர் வைத்துவிட்டுப் போவது முப்பது தடவைக்கான மிச்சம்.

ஒட்டன்சத்திரம் எங்களுக்குப் பக்கம். அங்கிருந்து கேரளத்துக்குப் போகிற காய்கறி லாரிகளின் கணக்கு முழுக்கத் தொலைபேசியில் நடந்த காலம் இருந்தது. நான் பார்த்ததிலேயே மோசமான சிக்குகள் மண்டிக் கல்லாக்களில்தான் இருந்தன. அடுத்தபடி அரசாங்க ஆபீஸ்கள், பஞ்சு கமிஷன் கடைகள், லாரி புக்கிங் ஆபீஸ்கள். வீட்டுத் தொலைபேசிகளின் ஒயர் ஒப்பிட்டால் நேராகவே கிடந்தது. கண்ணுக்கு முன்னால் இருந்த இந்தச் சாட்சியத்தை மீறி, பழி மட்டும் வீட்டுக்குள் இருந்த பெண்ணின் விரலைத் தேடிப் போயிற்று. உழைப்பின் தடயம் ஆணுடையதாக இருக்கும்போது அது 'தொழில்'. அதே தடயத்துக்குக் குற்றவாளி தேவைப்படும்போது அது 'பெண்களின் பழக்கம்'. நுண் அரசியல் என்று நாம் பேசுவதற்கு இதைவிட நுண்ணிய இடம் கிடைக்குமா தெரியவில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. யாருடைய கை இந்த ஒயரில் படவே இல்லை? நாடு விடுதலை அடைந்தபோது இந்தியா முழுமைக்கும் இருந்த தொலைபேசிகள் சுமார் 80 ஆயிரம்தான். அதற்குப் பிறகும் நாற்பது வருஷம் இணைப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சிறு ஊர்களில் தபாலாபீஸ், ரைஸ் மில், பெரிய பண்ணை வீடு இந்த மாதிரி இடங்களில்தான் தொலைபேசி இருந்தது. மற்றவர்களுக்கு 'பி.பி. நம்பர்'. கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் அடுத்தவர் வீட்டு எண்ணைப் போட்டுப் பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்துக்கொண்டோம். கடன் வாங்கிய காது அது. கூப்பிட்டவர் லைனில் காத்திருக்க, வீட்டுப் பையன் தெருவில் ஓடி ஆளைக் கூட்டி வருவான்.

அந்தப் பையன் எந்தத் தெரு வரைக்கும் ஓடினான் என்பதுதான் விஷயம். காலனி வரைக்கும் ஓடியதை நான் பார்த்ததில்லை. காலனிக்காரருக்கு வந்த செய்தி, பண்ணைக்காரர் கேட்டு, அவர் வேண்டிய அளவு வைத்துக்கொண்டு, மறுநாள் வேலைக்கு வரும்போது வாய்வழியாகச் சொல்லப்பட்டது. சில வீடுகளில் ரிசீவரைத் தரவே செய்தார்கள். ஆனால் சுருள் ஒயர் எவ்வளவு இழுத்தாலும் ஏழெட்டு அடிதான் வரும். தொலைபேசி கூடத்தில், ஆள் வாசலில். ஒயர் எட்டாது. "எட்டல, என்ன பண்றது" என்று சொல்லிவிடலாம். தீண்டாமை தன் பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் ஒயரின் நீளம் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

ஆகவே சிக்கு என்பது ஓர் ஆவணக் காப்பகம் என்றால், அது மற்ற காப்பகங்களைப் போலத்தான். வைத்திருந்தவர்களின் கையெழுத்து மட்டும் அதில் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை வாசலில் நின்று செய்தி கேட்டவரின் கை அதில் அரைச் சுற்றைக்கூடப் பதிக்கவில்லை.

4

சிக்கை உண்டாக்கியவர்கள் யார் என்று பார்த்தோம். எடுத்தவர்கள் யார்?

தொலைபேசிக் கருவி சந்தாதாரருக்குச் சொந்தமில்லை, இலாகாவுக்குச் சொந்தம். நாம் வாடகை கட்டினோம். பழைய கருவிகளில் ஒயரின் இரண்டு முனைகளும் உள்ளே திருகாணியில் முடுக்கப்பட்டிருந்தன. திறப்பது லைன்மேன் வேலை. சொருகிக் கழற்றுகிற சின்னக் கண்ணாடி பிளக் பின்னால் வந்தது. அதற்கு முன்னால் நமக்கு இருந்த வழி ஒன்றுதான். ரிசீவரை ஒயரோடு மேசையிலிருந்து கீழே தொங்கவிட வேண்டும். அது பம்பரம்போலத் தானே சுழன்று, ஏறிய முறுக்கையெல்லாம் இறக்கிவிட்டு நிற்கும். அதுவரைக்கும் ஒரு விரலால் பெட்டியின்மேல் இருக்கிற கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ்டு விழும், முதலாளி கத்துவார். தப்பான திசையில் புடைத்த சுருளை இந்த வழியில் சரிசெய்ய முடியாது. அதை ஒவ்வொரு வளையமாகத் தள்ளித் தள்ளி ஒரு முனைக்குக் கொண்டுபோய்த்தான் வெளியேற்ற வேண்டும். நடுவில் பிடித்து இழுத்தால் அது பக்கத்துச் சுருளுக்குப் போகுமே தவிர ஒழியாது.

பொறுமை வேண்டிய இந்த வேலையைச் செய்தவர்கள் கடைப் பையன்கள், ஆபீஸ் பியூன்கள், வீட்டில் மதியத்துக்கு மேல் சற்று உட்கார நேரம் கிடைத்த பெண்கள். முறுக்கு ஏற்றிய கை ஒன்று, இறக்கிய கை இன்னொன்று. பழி வாங்கியதும் இரண்டாவது கைதான்.

அந்தக் கைகளுக்கு இந்த வேலை எப்படித் தெரிந்திருந்தது? யாரும் சொல்லித்தரவில்லை. தலைமுடியில் சிக்கெடுக்கிறவர்களுக்கு அது தெரியும். நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும். வேரிலிருந்து சீப்பை இழுத்தால் முடி கையோடு வரும். சின்னாளபட்டித் தறிக்காரர் வீடுகளில் நூல் சிட்டம் சிக்கானால் முதலில் நுனியைத் தேடுவார்கள். நுனி கிடைக்காமல் நடுவில் கை வைக்கிற ஆளை வேலை தெரியாதவர் என்பார்கள். சுருள் ஒயருக்குள் நூல் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. கைக்குத் தெரிந்திருந்தது.

நம் இதழ்களில் எண்பதுகளிலிருந்து 'கட்டுடைத்தல்' என்ற சொல் புழங்கிவருகிறது. அந்தச் சொல்லால் நாம் நிறையப் பெற்றிருக்கிறோம், மறுப்பதற்கில்லை. ஆனால் உடைத்தல் என்பதில் ஓர் ஆண் அவசரம் இருக்கிறது. முடிச்சை வாளால் வெட்டிய மாசிடோனியாக்காரனின் அவசரம். சிக்கெடுத்தல் வேறு மாதிரியான காரியம். இழை அறுபடக் கூடாது என்பது அதன் முதல் நிபந்தனை, ஏனென்றால் அந்த இழைதான் நாளைக்கு வேண்டியிருக்கிறது. நுனி எங்கே இருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது, விடுவிக்க முடியுமா என்பது அதன் முதல் கேள்வி. கோட்பாடு பேசுகிற நாம் இந்தச் சொல்லையும் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

1986இல் கர்நாடகத்துக் கித்தூரில் சி-டாட்டின் 128 இணைப்புக் கிராமிய எக்சேஞ்ச் வைக்கப்பட்டது. குளிர்சாதன அறை தேவையில்லாமல், தூசிக்கும் வெயிலுக்கும் தாங்குகிற கருவி. அதற்குப் பிறகு வந்த பத்துப் பதினைந்து வருஷங்களில் சின்ன ஊர்களின் தெருமுனைகளில் எல்லாம் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. உடல் ஊனமுற்றவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து ஒதுக்கினார்கள். இரவில் கட்டணம் நாலில் ஒரு பங்காகக் குறைந்தபோது வரிசை நின்றது. வளைகுடா போனவரின் மனைவியும், திருப்பூரில் பனியன் கம்பெனியில் மகன் இருக்கிற காலனித் தாயும் ஒரே ரிசீவரைப் பிடித்தார்கள். காசு கொடுத்தால் ரிசீவர் கைக்கு வரும். நடுவில் கூடமும் இல்லை வாசலும் இல்லை. சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர் பேச்சை வெட்டியது உண்மைதான். இருந்தாலும் பூத் ஒயரின் சிக்கு எல்லாத் தெருக்காரர்களின் கையும் சேர்ந்து ஏற்றியது. யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாத முதல் சிக்கு அது. அதன் ஆயுள் குறைவு. 2000த்துக்குப் பிறகு கைபேசி வந்து பூத்துகளை மூடியது.

5

ஒயர் போய்விட்டது, இனி முறுக்கு இல்லை என்று நினைக்கலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் அப்படி நினைக்க முடியாது. வேடசந்தூர்ப் பக்கம் வரிசையாக நூற்பாலைகள். முறுக்கு ஏற்றுவதுதான் அங்கே தொழிலே. அந்தத் தொழிலுக்கு, மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி இளம்பெண்களை அழைத்துவந்தார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். நெதர்லாந்து அமைப்புகள் 2011இலும் 2014இலும் வெளியிட்ட அறிக்கைகள் தமிழ்நாட்டு ஆலைகளின் நிலையைப் பதிவு செய்தன. விடுதியைவிட்டு வெளியே போகத் தடை. கைபேசி வைத்துக்கொள்ளத் தடை. வீட்டோடு பேசினால் பக்கத்தில் மேற்பார்வை. ஒயரே இல்லாத காலத்திலும் பண்ணை வீட்டுக் கூடத்தில் இருந்த அதே ஏற்பாடு. ஒரு முனை நிர்வாகத்தின் கையில், மறு முனை குடும்பத்தின் கடனில். நடுவில் கிடக்கிறவள்மேல்தான் முறுக்கு முழுக்க ஏறியது.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் பல பேர் நடுவிலேயே கைவைத்தார்கள். பெண்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு, மன அழுத்தத்துக்கு யோகா. தேவையில்லை என்று சொல்லவில்லை. ஆனால் முனைகள் இறுகி இருக்கும்போது நடுவில் செய்கிற எதுவும் சிக்கை இடம் மாற்றும், தீர்க்காது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த ஒரு தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அதை அடுத்து, தலித் பெண்கள் முன்னின்று நடத்துகிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் நடத்திய போராட்டத்தின் விளைவாக 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. ஆலை நிர்வாகத்தை மட்டுமல்லாமல், துணி வாங்குகிற பன்னாட்டு நிறுவனத்தையும் அது சட்டப்படி கட்டுப்படுத்தியது. அடுத்து வேறு நிறுவனங்களும் சேர்ந்தன. மேற்பார்வையாளரின் தொல்லையைத் தொழிலாளி பயமில்லாமல் சொல்ல வழி செய்யப்பட்டது. அந்தப் பெண்கள் நுனியைக் கண்டுபிடித்தார்கள். ஆலை வாசலிலிருந்து பல ஆயிரம் மைலுக்கு அப்பால், வாங்குகிறவனின் கையில் இருந்த நுனியை.

ஒப்பந்தத்தோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஒரு முனை தளர்ந்திருக்கிறது, அவ்வளவே. மறு முனை, அதாவது வீட்டுக் கடன், வரதட்சணை, நிலமில்லாமை, அது அப்படியேதான் இருக்கிறது.

1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதுச் சட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் சுருள் ஒயர் முழுசாகப் போய்விடவில்லை. போலீஸ் ஸ்டேஷனில், வங்கியில், ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில், தாலுகா ஆபீசில் இன்னும் கிடக்கிறது. அதிகாரத்தின் மேசைகளில்தான் அது மிஞ்சியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அங்கே மனுவோடு காத்து நிற்கும்போது அந்த ஒயரைப் பாருங்கள். எத்தனை சுற்று ஏறியிருக்கிறது, எடுத்து வைக்கிற கை எது, சாயங்காலம் அதைத் தொங்கவிட்டு நேராக்கப் போகிற ஆள் யார் என்று பாருங்கள். வரலாறு எழுத அது போதுமான ஆதாரம்.